குளிச்சாச்சா

வேர்க்கவில்லை. பதினைந்து நிமிஷம் அசையாமல் கிடந்தால் தானாக வேர்க்கும் என்று சொல்லிவிட்டு அண்ணன் மகன் நீலகண்டன் பக்கத்திலேயே படுத்துக் கண்ணை மூடிக்கொண்டான். பதினைந்து நிமிஷம் ஆயிற்றா இல்லையா என்று பூதலிங்கத்துக்குத் தெரியவில்லை. கடிகாரத்தை வெளியே கழற்றி வைக்கச் சொல்லிவிட்டார்கள். முப்பத்தாறு வருஷம் கூட்ஸ் வண்டியில் கார்டு வேலை பார்த்தவனிடம் கடிகாரத்தைப் பிடுங்கிக்கொண்டு வேர்க்கச் சொன்னால் எப்படி வேர்க்கும். கல் சூடுதான், குறை சொல்ல முடியாது. குளியல் கூடத்தின் நடுவில் எட்டு மூலையாக ஒரு பளிங்கு மேடை, அடியில் எங்கேயோ நெருப்பு, தொப்புள் கல் என்று இந்த இஸ்தான்புல்காரர்கள் அதற்குப் பேர் வைத்திருக்கிறார்களாம். அதன்மேல் ஏழெட்டுப் பேர் கருவாடு காயப்போட்ட மாதிரிக் கிடந்தார்கள். தலைக்கு மேலே கவிழ்த்த அண்டா மாதிரிக் கூரை, அதில் அங்கங்கே ஓட்டை போட்டுக் கண்ணாடி பதித்து, ஒவ்வொரு ஓட்டையிலிருந்தும் ஒரு முழம் வெயில் ஆவிக்குள் இறங்கிப் பாதியில் நின்றது. இடுப்பில் கட்டக் கொடுத்த துணியைப் பார்த்த பிறகுதான் அவருக்கு உயிர் வந்தது. கட்டம் போட்ட துணி. நாகர்கோவில் துவர்த்துத் துண்டேதான். அம்மணமாக நிற்கச் சொல்வார்களோ என்று ஒரு வாரமாக உள்ளே உதறல். எழுபத்து மூன்று வயசில், கல்யாணம் காட்சி இல்லாத கட்டை, ஒருத்தர் முன்னாலும் சட்டையைக் கழற்றாமல் காலம் தள்ளியாயிற்று, கடைசியில் பாஸ்போர்ட் எடுத்துக் கடல் தாண்டி வந்தா அதைக் காட்ட வேண்டும் என்று நினைத்திருந்தார். நீலகண்டன் நேற்றே எல்லாம் சொல்லியிருந்தான். முதலில் வேர்க்க வைப்பார்கள். அப்புறம் ஒருத்தன் வந்து சொரசொரப்பான உறையைக் கையில் மாட்டிக்கொண்டு தேய்ப்பான். அப்புறம் நுரை. அப்புறம் தண்ணீர். அப்புறம் வெள்ளைத் துணியால் சுற்றி உட்காரவைத்துத் தேயிலைத் தண்ணி கொடுப்பார்கள். "நீங்க ஒண்ணும் செய்யாண்டாம் சித்தப்பா. சும்மா கெடந்தாப் போதும்."

சும்மா கெடந்தாப் போதும். என்ன லேசாகச் சொல்கிறான். அவன் அப்பன் பதினாலு மாசம் சும்மா கிடந்தான், வடசேரி வீட்டு நடு அறையில், வலது பக்கம் கையும் காலும் போய், வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு. தாணு அண்ணன். அண்ணனுக்குப் பெண்டாட்டி போய்ச் சேர்ந்து வருஷமாகியிருந்தது, மகன் இங்கே கப்பல் பட்டறையில், வீட்டில் இரண்டு கிழவன்மார் மட்டும். ஒருத்தன் கிடந்தான், ஒருத்தன் நடந்தான். அவ்வளவுதான். இதில் யார் யாருக்கு என்ன செய்தது. அதை மட்டும் இந்தப் பயல் மறக்க மாட்டேன் என்கிறான். இன்றைக்குக் காலையில் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே சொன்னான், "இங்கேயே இருந்திருங்க சித்தப்பா. வீட்டுக்காரிக்கும் சம்மதம். அப்பாவுக்கு நீங்க செஞ்சதுல பாதியாவது நான் உங்களுக்குச் செய்யாண்டாமா? சனிக்கிழமை டிக்கெட்டை இன்னைக்கே கேன்சல் பண்ணணும். குளிச்சிட்டு வந்து சொல்லுங்க." குளித்துவிட்டு வந்து சொல்ல வேண்டுமாம். சரி என்று ஒரு வார்த்தை. பூதலிங்கத்துக்கு ஒரு வார்த்தை பேசுவது பெரிய காரியமில்லை, வாழ்நாள் பூராவும் ஒரு வார்த்தையிலேயே ஓட்டியவர். சரி என்று சொன்னால் தீர்ந்தது. ஆடி மாசம் குளியலறையில் வழுக்கி விழுந்து இரண்டு மணி நேரம் எழுந்திருக்க முடியாமல் கிடந்தாரே, வாளி ஒரு பக்கம் அவர் ஒரு பக்கம், குழாய் திறந்தபடி, பக்கத்து வீட்டில் டெலிவிஷன் சிரித்துக்கொண்டிருந்தது, கூப்பிட வெட்கம், கூப்பிட்டால் வந்து இந்தக் கோலத்தில் பார்ப்பார்கள், அப்போது மேற்கூரையில் ஒரு பல்லியைப் பார்த்துக்கொண்டு நினைத்தது ஒன்றே ஒன்றுதான். என்னைக் குளிப்பாட்ட யார் இருக்கிறார்கள். அந்தக் கேள்வி வந்த மாத்திரத்தில் இன்னொன்றும் கூடவே வந்தது. அதைத் தள்ளிவிட்டு ஊர்ந்துபோய்க் குழாயை மூடினார். இப்போதும் தள்ளிவிடலாம். வேர்க்கட்டும் முதலில்.

குளிச்சாச்சா என்றுதான் கேட்பான். தினமும் சாயங்காலம் ஆறரைக்குப் போன் அடிக்கும். சாப்பிட்டாரா, தூங்கினாரா என்றெல்லாம் பிறகுதான். "சித்தப்பா, அப்பா குளிச்சாச்சா?" அண்ணனுக்குக் குளியல் பைத்தியம், மகனுக்கு அது தெரியும். மழையோ காய்ச்சலோ, காலையில் வென்னி விளாவிக் குளித்தால்தான் அண்ணனுக்கு அன்றைய நாள் நாள். "ஆச்சு" என்பார் பூதலிங்கம். ஆச்சு. வண்டி கிளம்பினது, சிக்னல் விழுந்தது, எல்லாம் ஆச்சு. ஒரு வருஷத்துக்கு மேலே அது உண்மையாகத்தான் இருந்தது. இஸ்ரவேல் என்று ஒருத்தன் வருவான், கொத்தனார் வேலை பார்த்தவன், தோள் அகலம், அண்ணனைக் குழந்தையைத் தூக்கும் பாங்கில் தூக்கி நாற்காலியில் வைத்து வென்னி ஊற்றுவான். ஆச்சு என்றால் ஆயிற்று என்று அர்த்தம். அந்த வார்த்தைமேல் ஒரு பழுதும் இல்லை. கடைசிப் பதினோரு நாள்தான். பதினோரு ஆச்சு. எண்ணிக்கூடப் பார்க்க வேண்டாம் என்றாலும் எண்ணம் வந்துவிடுகிறது, சரக்கு வண்டியின் பெட்டிகளை எண்ணிப் பழகிய பாழாய்ப்போன மூளை. புருவத்துக்கு மேலே என்னவோ ஊர்ந்தது. தொட்டுப் பார்த்தார். வேர்வை.

"அம்ஜா!" என்று ஒரு குரல் கூரையெல்லாம் உருண்டது. மீசையும் தொந்தியுமாக ஒருத்தன் காலடியில் நின்றான், இடுப்பில் அதே துணி, கையில் செம்புக் கிண்ணம். இத்ரிஸ் என்று பேராம். நீலகண்டன் ஒரு கண்ணைத் திறந்து சிரித்தான். "உங்களைத்தான் கூப்பிடுகான். அம்ஜான்னா சித்தப்பா. அப்பாகூடப் பொறந்தவங்களுக்குள்ள பேரு. வயசானவங்க எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவாங்க." "அவன் அப்பன்கூட நான் எப்பம் பொறந்தேன்?" என்றார் பூதலிங்கம். நீலகண்டன் அதை அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டும், இத்ரிஸ் தொந்தி குலுங்கச் சிரித்தான், சிரித்துக்கொண்டே அவர் காலையும் கையையும் ஒவ்வொன்றாகப் பிடித்து உதறிப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னான். "என்னவாம்?" "விடுங்க." "சொல்லுடே." "அம்ஜா விறைச்சுப்போய்க் கெடக்காரு, பொணத்தைக் குளிப்பாட்டினாக்கூட இதைவிடத் தளர்வா இருக்கும்ங்கான்." நீலகண்டன் சிரித்தான். பூதலிங்கமும் வாயை விரித்தார், சிரிப்பு என்று அவர்கள் எடுத்துக்கொண்டிருப்பார்கள். பொணம் தளர்வாக இருக்காது. இந்தத் தொந்திக்காரனுக்குத் தெரியவில்லை. முதலில் தளர்வு, அப்புறம் விறைப்பு. கை மடங்காது. மடக்கப் பார்த்தால் உன் கையைத் திருப்பித் தள்ளும், கோபமாக இருக்கிற ஆள் தள்ளுகிற மாதிரி. சித்தப்பா. சின்ன அப்பா. பெரிய அப்பா கிடந்தால் சின்ன அப்பா பார்க்க வேண்டும் என்று வார்த்தையிலேயே வைத்திருக்கிறார்கள். எந்த ஊரில் போய் இறங்கினாலும் அந்த ஊர்க்காரனும் இதையே சொல்லிக் கூப்பிடுகிறான்.

உறை முதுகில் இறங்கியது. கோணிச்சாக்கு. தோளிலிருந்து இடுப்பு வரை ஒரே இழுப்பு, திரும்ப மேலே ஒரே இழுப்பு, மரத்துக்கு இழைப்புளி போடுகிற மாதிரி. எரிந்தது. ஆனால் எரிச்சலுக்கு அடியில் ஒரு சுகம் இருந்தது, அதுதான் பெரிய அவமானமாக இருந்தது. ஒரு மனுஷக் கை முதுகில் பட்டு எத்தனை வருஷம். கண்ணில் தண்ணீர் நின்றது, ஆவி என்று நினைத்துக்கொள்ளட்டும். இத்ரிஸ் நிறுத்தினான். முகர்ந்தான். ஏதோ கேட்டான். நீலகண்டன் தலையைத் தூக்கினான், "சித்தப்பா, சோப்பு போட்டுக் குளிச்சிட்டா வந்திய?" பூதலிங்கம் முகத்தைக் கல்லில் புதைத்துக்கொண்டார். "எத்தனை தடவை?" "ரெண்டு." "குளிக்க வாரதுக்கு முன்னால ரெண்டு தடவை குளிச்சிருக்கியளா!" "அழுக்கோட வந்து இன்னொருத்தன்கிட்ட முதுகைக் காட்டச் சொல்லுதியா?" நீலகண்டனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை, இத்ரிஸிடம் சொல்ல அவனுக்கும் அடங்கவில்லை, சோப்பு போட்டால் உறை வழுக்குமாம், இனி கூடுதலாகத் தேய்க்க வேண்டுமாம். தேய்த்தான். தேய்த்துக்கொண்டே இருந்தான். பிறகு அவர் தோளைத் தட்டித் திருப்பி, கையை முகத்துக்கு முன்னால் நீட்டிக் காட்டினான். உறையில் சாம்பல் நிறத்தில் சின்னச் சின்னத் திரியாக உருண்டு கிடந்தது. நன்றாகக் காட்டினான், தூண்டிலில் மீன் பிடித்தவன் காட்டுகிற பெருமையோடு. "இது இங்க வழக்கம் சித்தப்பா. எவ்வளவு எடுத்திருக்கேன்னு காட்டுவாங்க. எனக்கும் முதல்ல வெக்கமாத்தான் இருந்துச்சு." பூதலிங்கம் கண்ணை மூடிக்கொண்டார். மூடியும் தெரிந்தது. அந்தத் திரிகளை அவர் முன்னால் பார்த்திருக்கிறார். அவர் உள்ளங்கைக்கு அடியில். எச்சில் தொட்டுத் திரித்த பஞ்சு மாதிரி, இதைவிடக் கறுப்பாக, இதைவிடப் பெரியதாக.

அண்ணன் போன அன்றைக்கு வடசேரி வீட்டு முற்றத்தில் பெஞ்சு போட்டிருந்தது. பிணத்துக்கு ஊற்றத் தண்ணீர் எடுக்க நீர்மாலைக்குப் போனவர்கள் குடத்தோடு வந்து நின்றார்கள். மகன் பாஸ்போர்ட் இங்கே இஸ்தான்புல்லில் ஏதோ ஆபீசில் புதுப்பிக்கக் கொடுத்து மாட்டிக்கொண்டது, வர முடியவில்லை, பதினாறாம் நாளுக்குத்தான் வந்து சேர்ந்தான். ஆகவே எல்லாம் தம்பிதான். எண்ணெய் வைத்தார்கள், சீயக்காய் வைத்தார்கள், ஆளுக்கு ஒரு கை தொட்டுத் தலையில் வைத்துவிட்டு நகர்ந்தார்கள், பூதலிங்கம் மட்டும் நகரவில்லை. இரண்டு பேரைக் கூப்பிட்டு அண்ணனைச் சாய்த்துப் பிடிக்கச் சொல்லி முதுகைத் தேய்த்தார். அழுக்கு உருண்டு வந்தது. தண்ணீரை ஊற்றித் தேய்த்தார், மறுபடி வந்தது. இடுப்புக்கு மேலே புண்ணைச் சுற்றிப் பவுடர் கட்டிக் கிடந்தது, அதையும் கழுவினார். நேரமாகுது என்றார்கள். கேட்கவில்லை. இன்னொரு குடம் என்றார். பிடித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தர், பால் சொசைட்டி குமரேசர், சத்தமாகவே சொன்னார், "தம்பி என்ன பாங்காத் தேய்க்காரு பாத்தியளா. உசிரோட இருக்கையில எப்படிப் பாத்திருப்பாரு." சுற்றி நின்ற பெண்கள் மூக்கை உறிஞ்சினார்கள். அந்த நேரத்தில் யாரோ போனைத் தூக்கிப் பிடித்து இங்கே இஸ்தான்புல்லுக்குக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நிறுத்தியிருப்பாரோ என்னவோ. நீலகண்டன் பார்த்தான். சித்தப்பா அழுதுகொண்டே அப்பா முதுகைத் தேய்த்ததைப் பார்த்தான். அதை வைத்துத்தான் இந்த டிக்கெட், இந்த ஊர், இந்தக் கல், காலையில் சொன்ன பேச்சு, எல்லாம். தப்பு செய்தவன் தடயத்தைக் கழுவிக்கொண்டிருந்ததை அந்தப் பையன் பாசம் என்று எடுத்துக்கொண்டான். இல்லை, பாசமும்தான். பாசம் இல்லை என்று யார் சொன்னது. இருந்தது. பதினோரு நாள் அது எந்தப் பெட்டியில் பூட்டிக் கிடந்தது என்றுதான் தெரியவில்லை.

ஒரு பேச்சுதான் காரணம். இவ்வளவு சின்னதா என்று இப்போது தோன்றுகிறது. புதன்கிழமை காலை, இஸ்ரவேல் வென்னி ஊற்றிக்கொண்டிருந்தான், பூதலிங்கம் வாசற்படியில் நின்று பேப்பரும் கையுமாக, "காதுக்குப் பின்னால தேய்டே, சும்மா ஊத்திக்கிட்டு நிக்காத" என்றார். தினமும் சொல்வதுதான். அன்றைக்கு இஸ்ரவேல் செம்பைக் கீழே வைத்தான். "கூடப்பொறந்தவரு நீரு. ஒருநாள், ஒரே ஒருநாள், உள்ள வந்து நீரு தேயும். அப்பம் சொல்லும் எப்படித் தேய்க்கணும்னு." அண்ணன் ஒரு பக்க வாயால் சிரித்தான். அந்தச் சிரிப்புதான் பொறுக்கவில்லை. "வெளியே போடே" என்றார். அவன் அண்ணனைத் துடைத்து, வேட்டி கட்டிவிட்டு, படுக்கவைத்துவிட்டுத்தான் போனான், ஒன்றையும் பாதியில் விடாமல். மறுநாள் வரவில்லை. போய்க் கூப்பிட்டால் வந்திருப்பான், ஒழுகினசேரியில்தான் வீடு, பஸ்ஸில் பத்து நிமிஷம். போகவில்லை. வேறு ஆள் பார்த்துச் சொல் என்று நாலு பேரிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் ஏன் என்பார்கள். நீலகண்டனிடம் சொன்னார், "இஸ்ரவேல் வேண்டாம். நான் பாத்துக்கிடுகேன்." "நீங்களேவா சித்தப்பா?" என்று போனில் அவன் குரல் உடைந்தது. "ஆமா." அதுவும் ஒரு வார்த்தை. சத்தியமாகச் செய்ய நினைத்துத்தான் சொன்னார். வியாழக்கிழமை வென்னிகூடப் போட்டார். செம்பை எடுத்துக்கொண்டு நடு அறைக்குள் போனார். அண்ணன் காத்திருந்தான், இடது கையால் போர்வையை அவனே விலக்கி வைத்திருந்தான். அந்த உடம்பு. தன் உடம்பு மாதிரியே, அதே பூனை முடி, அதே வற்றின தொடை, நாலு வருஷம் முன்னால் போய்க்கொண்டிருக்கிற தன் உடம்பு. கை நீளவில்லை. "நாளைக்கு, அண்ணே" என்றார். முகத்தை மட்டும் துணியை நனைத்துத் துடைத்தார். வென்னி ஆறிப்போயிற்று. சாயங்காலம் போன். ஆச்சு. மறுநாளும் நாளைக்கு. ஐந்தாம் நாள் சட்டையை விலக்கிப் பார்த்தார், முதுகு சிவந்திருந்தது, பவுடரைக் கொட்டி மூடிவிட்டார், மூடினால் இல்லை என்றாகிவிடும் போல. வாசல் பக்கம் ஊதுபத்தி கொளுத்தி வைத்தார். "லே பூதம், வென்னி" என்பான் அண்ணன். அந்த இழுத்த வாய்க்குள்ளிருந்து வருகிற சத்தம் உலகத்தில் ஒருத்தருக்கும் விளங்காது, பூதலிங்கம் ஒருத்தருக்கு மட்டும் விளங்கும். டாக்டர் வந்தால் அவர்தான் சொல்ல வேண்டும், போனில் மகன் கேட்டால் அவர்தான் சொல்ல வேண்டும். அண்ணனுடைய வாய் அவர் கையில் இருந்தது. அந்த இரண்டாம் வியாழக்கிழமை. அதை நினைக்க வேண்டாம். மற்ற எல்லாவற்றையும் நினைத்துக்கொள்ளலாம், அந்த ஒன்றைத் தவிர.

இத்ரிஸ் அவரை எழுப்பிச் சுவரோரம் நடத்திப் போனான். மரச்செருப்பு டக்டக்கென்று அடித்து வழுக்கியது, அவன் கை அக்குளில் கொக்கி போட்டுப் பிடித்திருந்தது. சுவரைச் சுற்றிலும் பளிங்குத் தொட்டிகள், ஒவ்வொன்றின் மேலும் இரண்டு குழாய். ஒரு படியில் உட்காரவைத்தான், பக்கத்துப் படியில் நீலகண்டன் வந்து உட்கார்ந்தான். தலையணை உறை மாதிரி ஒரு துணியை இத்ரிஸ் நுரைத் தண்ணீரில் முக்கி, வீசிக் காற்றுப் பிடித்து, பிழிந்தான். மேகம் இறங்கின மாதிரி நுரை, தலையிலிருந்து முழங்கால் வரை. கனமே இல்லை. அதற்குள் உட்கார்ந்திருந்தால் ஒருத்தருக்கும் தெரியாது. ஜோலார்பேட்டை குவார்ட்டர்ஸில் அம்மை போட்டுத் தனியாகக் கிடந்தபோது, நாற்பத்தொரு வயசு, கதவைத் தள்ளிக்கொண்டு வந்தது யார். மூன்று வண்டி மாறி, மஞ்சள் பையில் வேப்பிலையோடு, அண்ணன். "ஏலே, கெட்டிக்காரன், பூதத்துக்கே அம்மை வாருமா" என்று சிரித்துக்கொண்டே வந்தான். அவனுக்கு அதுவரை அம்மை போட்டதில்லை. ஒட்டும் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சொன்னார்கள், ஒட்டட்டும் என்றான். ஒன்பது நாள் கிடந்து, கொப்புளம் வாடினதும் வேப்பிலை போட்ட வென்னியில் தலைக்கு ஊற்றினான். பொருக்கு உதிர உதிர விரல் நுனியால் தடவி ஊற்றினான், வலிக்குதா, வலிக்குதா என்று கேட்டுக்கொண்டே. எனக்கு நினைவிருந்ததே. பதினோரு நாளும் நினைவிருந்தது. அதுதான் சிக்கல். மறந்திருந்தால் செய்திருப்பேன், யாரோ ஒரு கிழவன் என்று செய்திருப்பேன். நினைவு வர வரக் கூச்சம் ஏறிற்று, கூச்சம் ஏற ஏற நாளைக்கு என்றாயிற்று. இதை எந்தக் கோர்ட்டில் சொன்னால் ஒத்துக்கொள்வான்.

"சித்தப்பா," என்றான் நீலகண்டன் நுரைக்குள்ளிருந்து, கண்ணை மூடிக்கொண்டு. "ஒண்ணு சொல்லட்டா. எனக்கு வர முடியாமப் போச்சேங்கிற கொதிப்பு இன்னும் இருக்கு. ஆனா ஒண்ணை வச்சுத்தான் ஆறுதல். அப்பா கடைசியாப் பேசினது என்கிட்ட. அந்த வியாழக்கிழமை போன்ல. என்ன சொல்லுகாருன்னு கேட்டேன், நீ எப்பம் வாரன்னு கேக்காருன்னு சொன்னிய. அதை நினைச்சா அழுகையும் வரும், தெம்பாவும் இருக்கும். என்னைத் தேடியிருக்காருல்லா." பூதலிங்கத்தின் வாய்க்குள் நுரை போயிற்று. கசந்தது. வந்துவிட்டது அந்த வியாழக்கிழமை, தள்ளத் தள்ள, கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். அன்றைக்குப் போனை அண்ணன் காதில் வைத்ததும், எப்போதும் ஊம் ஊம் என்று மட்டும் கேட்கிறவன், இடது கையால் போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பேசினான். முழுசாக ஒரு வாக்கியம். மூச்சு வாங்கிக்கொண்டு, தம்பியைப் பார்த்துக்கொண்டே, மகனிடம். மகனுக்கு விளங்கவில்லை. "அப்பா என்ன சொல்லுகாரு சித்தப்பா?" என்று அந்தப் பக்கம். போனை வாங்கினார். நீ எப்பம் வாரன்னு கேக்கான் என்றார். அண்ணன் அதைக் கேட்டுக்கொண்டே கிடந்தான். காது நன்றாகக் கேட்கும் அவனுக்கு. கோபப்படவில்லை. தம்பியைக் கொஞ்ச நேரம் பார்த்தான், பிறகு சுவர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான், அந்தக் கழுத்தைத் திருப்புவது அவனுக்கு லேசான வேலை இல்லை. வெள்ளி, சனி, ஞாயிறு. வென்னி என்று கேட்கவே இல்லை. திங்கள் விடியும்போது ஆளே இல்லை.

இதைச் சொல்லாமல் சரி என்று சொன்னால் என்ன. பையனுக்கு ஆறுதல், கிழவனுக்கு ஒரு கட்டில். நாளைக்கு விழுந்தால் தூக்க ஆள். இந்தப் பயல் தேய்ப்பான், நன்றாகத் தேய்ப்பான், அப்பனை மாதிரி, வலிக்குதா வலிக்குதா என்று கேட்டுத் தேய்ப்பான். ஒவ்வொரு நாளும் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். உன் அப்பன் முதுகை நான் இப்படி விட்டேன் என்று அந்த முதுகுக்குத் தெரியும். சொல்லிவிட்டால்? சனிக்கிழமை வண்டி. வடசேரி. வழுக்குத் தரை, பல்லி. சொன்னால் பையனிடம் இருக்கிற அந்த ஒன்றையும் பிடுங்கினது ஆகும். அவனுக்காகச் சொல்லாமல் இருக்கலாமே. எவ்வளவு நல்ல காரணம். நல்ல காரணம் இல்லாமல் அவர் ஒரு நாளும் எதையும் செய்யாமல் இருந்ததில்லை. "நான் குளிப்பாட்டல மக்கா" என்றார்.

சொன்ன அதே நேரம் இத்ரிஸ் நீலகண்டன் தலையில் கிண்ணம் நிறையத் தண்ணீரைக் கவிழ்த்தான். அடுத்த கிண்ணம். அதற்கடுத்தது. நீலகண்டன் முகத்தை வழித்துக்கொண்டு, "ஆங்? என்ன சித்தப்பா? வென்னி போதுமான்னா?" என்றான். ஒன்றுமில்லை என்று சொல்லலாம். அதுவும் ஒரு வார்த்தைதான். தண்ணீரே தீர்ப்பு சொன்ன மாதிரி எடுத்துக்கொள்ளலாம். இத்ரிஸ் கிண்ணத்தோடு இந்தப் பக்கம் திரும்பினான், அம்ஜா என்று தலையைச் சாய்க்கச் சொன்னான். பூதலிங்கம் அவன் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

"உங்கப்பனை நான் குளிப்பாட்டல." இந்தத் தடவை கூரை அதை வாங்கி எல்லாத் தொட்டிக்கும் கொடுத்தது. கல்லில் கிடந்த ஒன்றிரண்டு பேர் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். விளங்கினது ஒருத்தனுக்குத்தான்.

"என்ன சொல்லுதிய? நான் வீடியோல பாத்தேனே."

"அது செத்த பொறகு. அதுக்கு முன்னால பதினோரு நாள் இல்ல. இஸ்ரவேலை நான்தான் வெரட்டினேன்."

"அப்பம் யாரு குளிப்பாட்டினது?"

"யாருமில்ல."

நீலகண்டன் காதோரம் நுரை வழிந்துகொண்டிருந்தது, துடைக்கவில்லை. இத்ரிஸ் இரண்டு முகத்தையும் பார்த்தான், கிண்ணத்தைத் தொட்டியில் மிதக்க விட்டான், கல் பக்கம் போய்விட்டான். கெட்டிக்காரன். அவனுக்கு இந்த அறையில் எத்தனை பேர் எத்தனை சொன்னார்களோ.

"தினமும் கேட்டேனே சித்தப்பா. தினமும் ஆச்சுன்னு சொன்னியளே." கத்தவில்லை. கத்தினால் நன்றாக இருந்திருக்கும். "அப்பா... அப்பா கேக்கலியா?"

கேக்கல என்று சொன்னால் அவனுக்குக் கொஞ்சம் குறையும். உணர்வே இல்லாமல் கிடந்தான் என்று சொல்லலாம். மூக்கு நுனியில் ஒரு சொட்டு நின்றது, விழட்டும் என்று காத்திருந்தார். விழுந்தது.

"கேட்டான். தினமும் கேட்டான். உன்கிட்டயும் கேட்டான்."

"என்கிட்டயா?"

"அந்த வியாழக்கிழமை. போன்ல. நீ எப்பம் வாரன்னு அவன் கேக்கல. நான் மாத்திச் சொன்னேன்."

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டி நிரம்பி விளிம்பில் வழிந்து இருவர் காலுக்கும் நடுவே போயிற்று. நீலகண்டன் எழுந்தான். போய்விடுவான் என்று நினைத்தார். போகட்டும், துணியை எடுத்துக் கட்டிக்கொண்டு போகட்டும், வழி கேட்டுத் தானும் போய்க்கொள்ளலாம். அவன் குனிந்து இவர் தொட்டியின் குழாயை மூடினான். தன் தொட்டியின் குழாயையும் மூடினான். திரும்பி வந்து படியில் உட்காராமல், எதிரே, ஈரத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். கண் சிவந்திருந்தது.

"என்ன சொன்னாரு?"

"வென்னி கேட்டான்."

"சுருக்காதீங்க." முதல் தடவையாகக் குரல் உயர்ந்தது. "எப்பவும் சுருக்குவிய. அப்பா எப்படிச் சொன்னாரோ அப்படியே சொல்லுங்க. அவரு சொன்ன மாதிரியே."

பூதலிங்கம் அவனைப் பார்த்தார். நெற்றியைப் பார்க்க முடிந்தது, கண்ணைப் பார்க்க முடியவில்லை. பிறகு பார்த்தார். வலது கையை மடியில் செத்த கையாகப் போட்டார். வாயை இடது பக்கம் இழுத்துக்கொண்டார். மூச்சு போதாமல், நாக்குப் புரளாமல், அவருக்கு மட்டுமே விளங்கிய அந்தச் சத்தத்தில், மெதுவாக, ஒன்றையும் விடாமல் சொன்னார்.

"ம...க்ஹா... ழி...த்தப்பன்...ட்ட... ழொல்லு... மொதுகு... எரி...யுது... ஒத்த... ழெம்பு... வெ...ந்நி... ஊ...த்த... ழொல்லு."